மாற்றிப் போடுகிறவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் என் அக்கா வீட்டுக்காரரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கெட்டுப்போன பொருள்மேல் அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. அதைச் சரிசெய்ய ஊரில் எத்தனையோ ஆள் இருக்கிறது என்பார். குறையில்லாமல் ஓடுகிற பொருளைக் கண்டால்தான் அவர் கை நமநமக்கும்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குச் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே அது தெரிந்துவிட்டது. அம்மா அடுப்படியில் கறிக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த புது மாப்பிள்ளை எங்கள் டேபிள் ஃபேனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “மச்சான், ஸ்குரூ டிரைவர் கீதா?” என்றார்.

“நல்லாத்தான ஓடுது மாமா?”

“ஓடுது. உள்ள இன்னா நடக்குதுன்னு உனுக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. குடு.”

இலை போடும்போது ஃபேன் செய்தித்தாளின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. பட்டு வேட்டியில் கிரீஸ் கறை. சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். முன்பைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. ஆனால் தலையைத் திருப்பவில்லை. அம்மா தயங்கித் தயங்கி, “காத்து ஒரே பக்கமா வருது மாப்ள” என்றாள்.

“நாம அந்தப் பக்கமா ஒக்காந்துக்கலாம் அத்த” என்றார். அதில் கேலி இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்த வருஷங்களில் அவள் அவருடைய எல்லாவற்றுக்கும் சிரித்தாள்.

மாமா திருக்கழுக்குன்றத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ. அதை வைத்துக்கொண்டு என்னென்னவோ வேலை பார்த்தார். கோவளத்தில் கேமரா மாட்டும் வேலை, மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் மின்சாரமெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை, புதுப்பட்டினத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். எங்கும் சண்டை போட்டு வெளியே வந்ததில்லை. எல்லா இடத்திலும் முதலாளிகள் வருத்தப்பட்டார்கள். வேலை கைக்குப் படிந்து, காலையில் எழுந்ததும் இன்று என்ன செய்யப்போகிறோம் என்று யோசிக்காமலே சட்டை மாட்டுகிற நிலை வந்தால், அந்த மாதமே அவர் வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுவார்.

வேலை மாறினால் வீடும் மாறும். கோவளத்து மாடி வீடு அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கீழ்வீட்டு அம்மா நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி கொடுத்தனுப்புவார். எதிர்வீட்டில் கிறிஸ்துமஸ் கேக். அக்கா அங்கே மொட்டை மாடியில் மல்லிகைத் தொட்டிகள் வைத்தாள். முதல் மொட்டு விட்ட வாரம் டெம்போ வந்து நின்றது. மாமல்லபுரத்து வீட்டிலிருந்தும் அப்படித்தான் கிளம்பினார்கள். வீடு மாற்றும்போதெல்லாம் எனக்குத்தான் அழைப்பு வரும். பீரோவின் ஒரு முனையை மாமா பிடிப்பார், மறுமுனையை நான்.

மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போன அன்று, டெம்போவின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா முன்னால், டிரைவர் பக்கத்தில். அன்று கொஞ்சம் கோபத்தோடு கேட்டுவிட்டேன்.

“ஏன் மாமா, ஒரு எடத்துல இருந்தாத்தான் இன்னா?”

அவர் மூட்டைகளைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வேறு மாதிரி கட்டினார்.

“எங்க நைனாவ நீ பாத்ததில்ல. ஒரே பம்புசெட்டு, ஒரே வரப்பு, ஒரே கட்டிலு. சாவும்போதுகூட அந்தக் கட்டிலுதான். ஊரே நல்ல மனுசன்னு சொல்லிச்சு. நான் கால்மாட்டுல நின்னுகினு பாத்தேன் மச்சான். கட்டிலுல கயிறு அவரு ஒடம்பு அளவுக்குக் குழிஞ்சி கெடந்துச்சு.” முடிச்சை இறுக்கிவிட்டு, “பயமா பூட்ச்சு” என்றார்.

கடல் பக்கத்திலிருந்து மணல் காற்று வந்து முகத்தில் அடித்தது.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா பகலெல்லாம் தனியாக இருப்பதால் ஒரு தொழில் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். மாமா உதிரிபாகங்கள் வாங்கி வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கிக் கொடுத்தார். செங்கல்பட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரஸ் இருந்தது. அவர்கள் அழைப்புப் பத்திரிகை வாசகங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அக்கா டைப் அடித்து, பூ, பிள்ளையார், குத்துவிளக்கு எல்லாம் அதனதன் இடத்தில் வைத்துத் திருப்பி அனுப்புவாள். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். திரையைப் பார்த்தபடியே என்னோடு பேசுவாள். விரல்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மாமா பின்னால் நின்று அதைப் பார்ப்பார். விரல்களை அல்ல, கம்ப்யூட்டரை.

அதில் அவ்வப்போது ஏதாவது மாற்றுவார். திரையின் நிறம் மாறும், பொத்தான்கள் இடம் மாறும். அக்கா முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வாள். பிறகு ஒருநாள் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வர ஆரம்பித்தது. இந்த விண்டோஸுக்கு இனிமேல் அப்டேட் வராதாம். புதியதைப் போடலாமென்றால் இந்த மெஷின் அதைத் தாங்காதாம். அக்கா அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வாள். மாமாவுக்கோ கல்யாணச் சேதி வந்த மாதிரி முகமெல்லாம் வெளிச்சம்.

“விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுறலாம்” என்று ஆரம்பித்தார். “பழைய மெஷினுக்கு அதான் லாயக்கு. வைரஸும் வராது. சும்மா பறக்கும் பாரு.”

“இப்பவே எனக்குப் போதுமான வேகத்துலதான் ஓடுது” என்றாள் அக்கா. “கைய வெக்காதீங்க. மாசம் பூரா முகூர்த்தம்.”

அவர் சரி என்றுதான் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு வளைகாப்புக்காகத் திருக்கழுக்குன்றம் போயிருந்தாள். நான் வேலை செய்த மறைமலைநகர் கம்பெனிக்கு அன்று விடுமுறை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று புதுப்பட்டினம் போனேன். மாமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். லினக்ஸ் ஏறிக்கொண்டிருந்தது; திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

“மாமா, அக்காவுக்குத் தெரியுமா?”

“வந்து பாத்து அசந்துடும். ஃபைலெல்லாம் தனியா எடுத்து வெச்சிட்டேன். ஒண்ணும் போவாது.” என்னைப் பார்க்காமலே பேசினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அக்கா மாலையில் வந்தாள். வளையல்கூடக் கழற்றாமல் நேராக மெஷினுக்குப் போனாள். பிரஸ்ஸிலிருந்து போன் வந்திருந்தது. மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் தாத்தா பெயர் விட்டுப்போய்விட்டது. அதை மட்டும் சேர்த்து அனுப்பவேண்டும். பெண்ணின் அப்பா பிரஸ்ஸிலேயே காத்திருந்தார்.

ஃபைல் திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. ‘திருமணம்’ இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. மணமகன், மணமகள், முகூர்த்த நேரம், மண்டபத்தின் விலாசம், எல்லாம் அதே மாதிரி.

“ஃபான்ட்டு இல்ல, அவ்ளோதான். போட்டுர்றேன்” என்றார் மாமா. போட்டார். எழுத்துகள் திரும்பி வந்தன. ஆனால் பக்கத்தை வடிவமைக்கும் பழைய புரோகிராம் இதில் ஓடாது. பூவும் பிள்ளையாரும் எங்கோ போய்விட்டன. சரி, புதிதாகவே அடித்துவிடலாம் என்று அக்கா விரலை வைத்தாள். ‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி’ என்ற வரியில் ‘பெ’ வரவில்லை. டைப்ரைட்டிங் படித்த கை கொம்பை முதலில் அடிக்கும், அதன்பிறகு ‘ப’வை அடிக்கும். புதியது முதலில் ‘ப’வைக் கேட்டது. அவள் அடிக்க அடிக்கக் கொம்புகள் தனியாக, எழுத்துகள் தனியாகச் சிதறி விழுந்தன. அழித்து அழித்து அடித்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு, “தம்பி, வண்டிய எடு” என்றாள். பைக்கில் அவளைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனேன். பிரஸ்ஸில் இருந்த கம்ப்யூட்டரில் நின்றபடியே அந்தப் பத்திரிகையை முதலிலிருந்து அடித்தாள். பெண்ணின் அப்பா பக்கத்தில் நின்று தாத்தா பெயரைச் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் பழையபடி ஓடின. முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

“இந்த நாற்காலி எப்பவும் இங்கயேதான் இருக்குமா அண்ணே?” என்று பிரஸ்காரரைக் கேட்டாள்.

அவர் புரியாமல், “எங்கம்மா போவப்போவுது?” என்றார்.

மறுவாரத்திலிருந்து அவள் தினமும் பஸ் ஏறிப் பிரஸ்ஸுக்கே வேலைக்கு வர ஆரம்பித்தாள்.

மாமாவுக்கு முதலில் அது உறைக்கவில்லை. உறைத்தபோது, சரிசெய்துவிடுகிறேன் என்று இறங்கினார். அவளுடைய கைக்கு ஏற்ற மாதிரி, கொம்பை முதலில் வாங்கிக்கொள்ளும் ஒரு விசைப்பலகைப் புரோகிராமைத் தானே எழுதி அதில் சேர்ப்பதாகச் சொன்னார். காலையில் அக்கா கிளம்புவதற்கு முன்னால், “எரட்டக் கொம்ப எந்த வெரலால அடிப்ப? காட்டு” என்பார். அவள் காற்றில் அடித்துக் காட்டிவிட்டுப் போவாள். மாமா இன்டர்நெட்டில் யார்யாரிடமோ கேட்டார். திட்டு வாங்கினார். திரும்பக் கேட்டார். மழைக்காலம் வந்து போனது. அவர் அதே மேஜையில் அதே வேலையில் இருந்தார். என் அம்மா ஆச்சரியப்பட்டு, “மாப்ள ஒரு எடத்துல குந்திகினு கீறாரு” என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை போனில் என்னை வரச்சொன்னார். நான் போனபோது அக்கா அப்போதுதான் பிரஸ்ஸிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஒக்காரு” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். அந்த வரியையே அடித்தாள். பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி. கொம்பு முதலில் வந்தது, ‘ப’ வந்து அதனோடு ஒட்டியது. ‘யோ’ பிசிறில்லாமல் விழுந்தது. இன்னும் இரண்டு வரி அடித்தாள். ஒரு தவறுகூட இல்லை.

“நல்லா கீது” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. “ரொம்ப நல்லா பண்ணிகீறீங்க.”

“அப்ப நாளையிலேர்ந்து…”

“நான் பிரஸ்லயே அடிச்சிக்கறேன்.”

மாமா தலையசைத்தார். மேஜையைத் துடைத்தார். பிறகு வெளியே போய், எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். அதைக் கொடுக்கும்போது, “வேலை முடிஞ்சி போச்சு மச்சான்” என்றார். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. அவர் வாயில் அந்தச் சொல் வந்தால் அடுத்து டெம்போ வரும்.

வந்தது. புதுச்சேரியில் சோலார் பேனல் மாட்டும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே ஒரு வீடும் பார்த்துவிட்டார். அக்கா சாப்பாட்டை அவர் தட்டில் வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள். “நீங்க போய்ட்டு வாங்க. நான் வரல.”

“கொஞ்ச நாள் கழிச்சி வர்றியா?”

“வரல. எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல. எனக்கு ஒரே வூட்டுல இருக்கணும்.”

எங்கள் வீட்டில் பெரிய பேஜாராகிவிட்டது. அம்மா அழுதாள். வாழப்போன பெண் இப்படிச் சொல்லலாமா என்று அத்தைகள் பேசினார்கள். அக்கா செங்கல்பட்டில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீட்டைத் தன் பெயரில் வாடகைக்குப் பிடித்தாள். மாமா அந்த வீட்டுக்குச் சாமான் ஏற்றி இறக்க வந்தார். பீரோவின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். எல்லாவற்றையும் வைத்துவிட்டு, வயரிங்கைச் சோதித்துவிட்டு, வாசலில் நின்று, “கம்ப்யூட்டர நான் எடுத்துகினு போவட்டா?” என்று கேட்டார்.

“எடுத்துகினு போங்க.”

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகரும்போது, “நல்லா கீதுன்னு சொல்லிச்சில்ல?” என்றார். நான் ஆமாம் என்றேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

அவர் இல்லாத காலம் எப்படிப் போனது என்று அக்காதான் சொல்லவேண்டும். அவள் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது, போன் வரும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். அவர் அந்த வேலையையும் விட்டு வேறு வேலைக்குப் போனதை, அந்த வீட்டையும் மாற்றியதை, அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவள் “சாப்ட்டீங்களா?” என்பாள். ஒருமுறை அவர் சிரிக்கவில்லை. ஊர் மாற மாறத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றார். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

அந்த வாரக்கடைசியில் யாரிடமும் சொல்லாமல் அவளே புதுச்சேரி போய்விட்டு மறுநாள் திரும்பினாள். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி சொல்றாரு?”

“வூடு மாத்தணுமாம்.”

“மறுபடியுமா? எங்க?”

“இங்கதான். வரட்டும்மா. எத்தினி வேலைய வேணா மாத்தட்டும், நான் கேக்கமாட்டேன். இந்த வூடு என் பேர்ல கீது. இத மாத்த முடியாதுன்னு சொல்லிட்டு வந்துகீறேன்.”

மாமா வந்தார். கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்று கேட்டு, அவள் காட்டிய இடத்தில் வைத்தார். இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜன்னலின் கொக்கியை ஆட்டிப் பார்த்தார், விட்டுவிட்டார். அப்புறம் அவருக்குத் தெருவே கிடைத்தது. பழைய கம்ப்யூட்டர்களில் இனி அப்டேட் வராது என்ற அந்த அறிவிப்பு எல்லார் வீட்டிலும் வந்துகொண்டிருந்தது. ஒரு டியூஷன் டீச்சர் முதலில் கொண்டுவந்தார். பிறகு பொத்தேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். மாமா அவற்றையெல்லாம் திறந்து, துடைத்து, புதியதைப் போட்டுக் கொடுத்தார். இப்போதெல்லாம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறார். “இத வூட்டுல வேற யாரு அடிக்கறாங்க? அவங்கள இட்டுகினு வாங்க. அவங்க சொல்லட்டும்.”

நான் வேலை மாற்றலாகி ஓசூருக்கு வந்துவிட்டேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர்கள் வீட்டில் ஒருநாள் தங்கினேன். அக்கா தனக்கென்று ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தாள். அதில் அவளுடைய பழைய புரோகிராம், பழைய டைப்பிங் எல்லாம் இருந்தன. கூடவே ஒரு பாஸ்வேர்டும் வைத்திருந்தாள்.

மாலை டீக்குப் பிறகு அவசரமாக ஒரு மஞ்சள்நீராட்டுப் பத்திரிகை முடிக்கவேண்டியிருந்தது. அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்த மாமா பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. வெறும் சுண்ணாம்புச் சுவர்.

“பாஸ்வேர்டு இல்லாம ஒங்களால தெறக்க முடியாதா மாமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இத்தயா? டீ ஆறதுக்குள்ள தெறப்பேன்.”

“அக்காவக் கேட்டீங்களா?”

“கேட்டேன். தரமாட்டேன்னுடுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. அவ்ளோதான்.”

மேஜைக்கடியில் அவர் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. விரல் நகத்தால் சுவரில் ஒரு பொருக்கைச் சுரண்ட ஆரம்பித்து, பாதியில் கையை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா அவசரப்படாமல் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். திரை திறந்தது.

“ம், திரும்பலாம்” என்றாள்.

மாமா திரும்பினார்.